கியர் ஆயில் தந்த வள்ளல்

முல்லைக்குத் தேர் தந்த பாரியை இன்னும் எத்தனை காலம்தான் பாடிக்கொண்டிருப்பது? கிரஷர் தூசிக்குக் கியர் ஆயில் தரும் குவாரி முதலாளிகள் நம்மிடையே வாழ்கிறார்கள். பாரி தந்தது ஒரே ஒரு தேர். இவர்களோ பொக்லைனின் செயினை ஓட்டும் இரண்டு பக்க ஃபைனல் டிரைவிலிருந்தும் சொட்டுச் சொட்டாக, ஞாயிற்றுக்கிழமையும் விடாமல் மண்ணுக்குத் தருகிறார்கள்.

ஃப்ளோட்டிங் சீல் என்று ஒன்று அங்கே இருக்கிறது. மெருகேற்றிய இரண்டு இரும்பு வளையங்கள் முகத்தோடு முகம் உரசிச் சுழலும். பின்னால் இரண்டு ரப்பர் வளையங்கள் அவற்றை அழுத்திப் பிடித்திருக்கும். ஆயில் உள்ளே, சேறு வெளியே என்று பேதம் பார்க்கிற பத்தாம்பசலிப் பொருள். முதலாளிக்கு எல்லோரும் சமம். செயினடியில் அப்பிய மண் இறுகிக் கல்லாகி, ரப்பரைத் தின்றால் தின்றுவிட்டுப் போகட்டும். அதைச் சுரண்ட ஆபரேட்டருக்குச் சாயங்காலம் அரை மணி கொடுத்தால், அந்த அரை மணியில் இரண்டு லாரி நிரம்பாதா? 2,000 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை ஆயிலை மாற்று, இடையிடையே அளவைப் பார் என்று பல எந்திரங்களின் கையேட்டில் அச்சடித்திருக்கிறார்கள். கம்பெனிக்காரனுக்கு வேறு வேலை இல்லை.

ஆயில் வற்றி, சேறு புகுந்து, சூட்டில் நீலம் பாரித்து, பேரிங்கின் உள் ரேஸ் ஒரு நாள் தண்டோடு கட்டிப்பிடித்துக்கொள்கிறது. பிரிக்க ஒரு கல்நெஞ்சர் வேண்டும். வருகிறார் மெக்கானிக், தோளில் சம்மட்டியோடு.

புல்லரை அவர் தொடமாட்டார். ரேஸின் முதுகில் நகம் மாட்டி, நேராக, சீராக இழுப்பதில் என்ன வீரம்? ஹவுசிங்கில் சிக்கிய கப்பின், அதாவது வெளி ரேஸின், உட்புறம் வெல்டிங் ஒரு சுற்று ஓட்டிவிட்டு டீ குடித்து வந்தால், வெல்டிங் குளிர்ந்து சுருங்கி, கப்பையும் சுருக்கிக் கையோடு வரச்செய்யும் என்பார்கள். டீ குடிக்கிற நேரத்தில் முடிகிற வேலைக்கு யார் மூன்று நாள் கூலி தருவார்கள்? உள் ரேஸில் கிரைண்டரால் முக்கால் ஆழத்துக்கு ஒரு கோடு வெட்டி, உளி வைத்து ஒரு தட்டுத் தட்டினால் பிளந்துவிடும், தண்டு பிழைக்கும். நம்மவர் கேஸ் கட்டரால் ரேஸை வெட்டுகிறார், தண்டிலும் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுத்தான் ஓய்கிறார். அந்தப் பள்ளத்தை வெல்டிங்கால் நிரப்பிக் கடைந்து கொடுக்கிற லேத்காரர் வீட்டில் அன்று கறிச்சோறு.

சூடு வைப்பதிலும் அவர் தர்மவான். தண்டைவிட ரேஸ் மட்டும் 100 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் 100 மி.மீ. துளை ஏறத்தாழ 0.12 மி.மீ. விரியும், பிடி தளர அதுவே பெரும்பாலும் போதும். அதற்கு ரேஸுக்குச் சட்டென்று சூடு கொடுக்க வேண்டும். இவர் நிதானமாக, பீடி ஒன்று முடியும்வரை காட்டுகிறார். ரேஸும் தண்டும் சமத்துவமாக விரிகின்றன. பிடி அப்படியே இருக்கிறது.

பிறகு சம்மட்டி. பேரிங் எஃகில் சுமார் 1 சதவீதம் கார்பன், 1.5 சதவீதம் குரோமியம். கடினமேற்றிய அந்த எஃகு அடிக்கு வளைந்து கொடுக்காது, சில்லாகத் தெறிக்கும். கண்ணாடி போட்டுக்கொள்ளலாம்தான், சம்மட்டி பிடித்தவன் கண்ணுக்குப் பயந்தான் என்று ஊர் பேசுமே. ஹெல்பர் பையனைக் கிட்டத்தில் நின்று டார்ச் அடிக்கச் சொல்கிறார். தெறிப்பதைப் பங்கு போட ஆள் வேண்டாமா?

மூன்றாம் நாள் ரேஸ் கழன்றது. குவாரியே கைதட்டியது. புது பேரிங்கையும் அதே சம்மட்டியால் வெளி வளையத்தில் அறைந்தே ஏற்றினார். உருளைகள் ஓடும் தடத்தில் அவை பதிந்த தழும்பு கண்ணுக்குத் தெரியாதது அவர் அடக்கத்துக்குச் சான்று. பழைய ஃப்ளோட்டிங் சீலையே துணியால் துடைத்து, "நல்லாத்தாங்க இருக்கு" என்று முதலாளியிடம் காட்டினார். முதலாளியும் தலையாட்டி, புது சீல் வாங்கும் செலவை மிச்சம் பிடித்தார்.

"சம்மட்டிய எடுத்துக்கிட்டுப் போயிரட்டுங்களா?"

"இங்கயே கெடக்கட்டும்ப்பா. அடுத்த தடவ தூக்கிக்கிட்டு அலையாத."