மூன்றாம் நம்பர் பாய்

எங்கள் மீனாட்சிபுரத்தில் காற்று வருஷத்துக்கு இரண்டு முறை கட்சி மாறும். ஆனி பிறந்தால் மேற்கிலிருந்து ஆடிக்காற்று. கார்த்திகை பிறந்தால், மலையாளத்துக்காரர்கள் விருச்சிகக் காற்று என்று சொல்லும் கிழக்குக் காற்று. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவே 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே இல்லாத பாலக்காட்டுக் கணவாய். அதன் கிழக்கு வாயிலில் பிறந்து வளர்ந்ததால், உலகத்தில் எல்லா ஊரிலும் ஓடு பறக்கும், எல்லா ஊர் ஆட்களும் பேசும்போது கத்தித்தான் பேசுவார்கள் என்று நாங்கள் நம்பியிருந்தோம். உங்கள் ஊரிலும் இப்படி ஒன்று இருந்திருக்கும், கடலோ சாக்கடையோ ரைஸ்மில் சத்தமோ. ஊரை விட்டுப் போகும்வரை அது இருப்பதே நமக்குத் தெரிவதில்லை.

ஆடியில் அம்மா, அப்பாவின் எட்டு முழ வேட்டியை விரித்துக் காயப்போட மாட்டார். நாலாக மடித்து, இரண்டு முனையையும் கொடியில் முடிந்துவிடுவார். காய ஒரு நாள் கூடுதலாக ஆகட்டும், வேட்டி கேரள எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குப் போய்விடக் கூடாது. கோபாலபுரத்துக்காரன் வீட்டு வேலியில் போய்ச் சிக்கினால் எந்த செக்போஸ்டில் சொல்லி மீட்பது? பாய்க்கப்பல் சாஸ்திரம் மொத்தமும் அந்தக் கொடியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் படிக்க நான் கொச்சி வரை போனேன்.

எண்பதுகளில் கொச்சிக்குப் போவது இப்போது போல இல்லை. 1932-இல் போட்ட மீட்டர்கேஜ் பாதையில் பாலக்காட்டு ரயில் எங்கள் ஊருக்கு வரும், மூச்சு வாங்கிக்கொள்ளும், ஸ்டேஷனில் யாராவது ஓடி வருகிறார்களா என்று ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் கிளம்பும். 2008-இல் அந்தப் பாதையை மூடி, அகலப்பாதையாக்கி, 2015-இல் திறந்தார்கள். ரயிலுக்கு வேகம் வந்தது. சில ரயில்களுக்கு எங்கள் ஊரில் நிற்கத்தான் நேரமில்லாமல் போயிற்று. இப்படி எதையாவது கொடுத்துவிட்டு எதையாவது எடுத்துக்கொண்டு போவதற்குப் பெயர்தான் முன்னேற்றம் என்று ரயிலேறிய வயதில் எனக்குத் தெரியாது. கொச்சியில் கிடைத்த குமாஸ்தா வேலையையும், அதைவிடப் பெரிய பாக்கியமாக ஞாயிற்றுக்கிழமைகளில் கிடைத்த பாய்ப்படகையும் முழு லாபக் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

படகு, கப்பலில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு சேட்டனுடையது. முப்பதடிக்குக் கொஞ்சம் கூட. உள்ளே நாலு பேர் படுக்கலாம் என்று சொல்வார்கள், இரண்டு பேர் படுத்தால் மூன்றாவது ஆள் நிற்க வேண்டும். காரணம், மனிதர்களுக்கான இடத்தையெல்லாம் பாய் மூட்டைகள் பிடித்துக்கொண்டிருந்தன. மெயின் பாய் அதன் இடத்தில் நிரந்தரமாக இருக்கும். படகின் முன்முனையான அணியத்தில் ஏற்றும் முன்பாய்தான் காற்றுக்குக் காற்று, வேளைக்கு வேளை மாறும். ஒன்றாம் நம்பர் என்பது ஜெனோவா: பாய்மரத்தையும் தாண்டிப் பின்னால் வந்து மெயின் பாய்மேல் உரசும் அகலம். ஸ்வென் சாலென் என்ற ஸ்வீடன்காரர் 1920களில் இத்தாலியின் ஜெனோவாவில் ஒரு பந்தயத்துக்குக் கட்டிக்கொண்டு போய்ப் பேர் வாங்கிய பாய் அது. இரண்டாம் நம்பர் அதில் கொஞ்சம் குறைவு. மூன்றாம் நம்பர் பாய்மரத்தைத் தொடாமலே முடிந்துவிடும் சின்ன ஜிப். அதற்கும் கீழே, ஆரஞ்சு நிறத்தில், ஒரு கைக்குட்டையளவு புயல்பாய். அதை வெளியே எடுத்தால் புயல் வந்துவிடும் என்ற பயத்தில் யாரும் பிரித்துப் பார்த்ததே இல்லை.

எனக்கு ஜெனோவாதான் வேண்டும். அந்த வயதில் யாருக்குத்தான் வேண்டாம்? ஃபோர்ட் கொச்சி கடற்கரையில் சீனவலைகளுக்குப் பக்கத்தில் நின்று யாராவது பார்த்துக்கொண்டிருப்பார்கள், அந்த யாராவது பாவாடை தாவணியில் இருக்கலாம், அவர்கள் கண்ணுக்கு மூன்றாம் நம்பர் பாய் தெரியாது என்பது என் கணிப்பு. காயலில் ஒருவரும் என்னைப் பார்த்ததாக இன்றுவரை தகவல் இல்லை. ஆனாலும் துறைமுக வாயிலைத் தாண்டும்போது பாயை இழுக்கும் தாமான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் நின்ற நிற்பை நினைத்தால், அந்தப் பையனுக்காக இப்போதுகூட யாரையாவது கூலிக்குப் பிடித்துக் கரையில் நிற்க வைக்கலாம் போல இருக்கிறது.

சேட்டனுக்குக் காலைக் காற்றில் நம்பிக்கை கிடையாது. "மோனே, காலத்தெ காற்றுக்கல்ல, மூணு மணிக் காற்றுக்குப் பாய் கெட்டணும்" என்பார். காலையில் படித்துறையில் கட்டஞ்சாயாவைக் குடித்துக்கொண்டே விவாதம் தொடங்கும். வானொலியில் மீனவர்களுக்கான எச்சரிக்கை, துறைமுகக் கம்பத்தில் ஏற்றியிருக்கும் புயல்கூண்டின் எண், மேற்கே மேகத்தின் அடிவயிறு என்ன நிறம், பக்கத்துத் தோணிக்காரன் சும்மா இருக்கிறானா கயிறு இழுத்துக் கட்டுகிறானா என்று சாட்சிகளையெல்லாம் விசாரித்து, ஒரு மணி நேரம் கழித்து, அவர் முதலிலேயே சொன்ன மூன்றாம் நம்பரை ஏற்றுவோம். அவர் சொன்ன கணக்கு எளிது: காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயின்மேல் அது தள்ளுகிற தள்ளு நாலு மடங்கு. பத்து நாட் வேகக் காற்றில் செல்லமாக இழுக்கிற ஜெனோவா, இருபதில் படகைப் பக்கவாட்டில் படுக்க வைத்துவிடும். சாய்ந்த படகு முன்னால் போகாது, விலகித்தான் போகும், சுக்கான் பிடிக்கிறவன் மல்லுக்கட்டிக் கை நோகிறதுதான் மிச்சம். சின்னப் பாயில் நிமிர்ந்து போகும் படகுதான் முதலில் கரை சேரும்.

நடுக்கடலில் பாய் மாற்றுவது என்றால் என்னவென்று இப்போதைய பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஆடுகிற அணியத்தில் ஒருவர் உட்கார்ந்த நிலையிலேயே நகர்ந்து போக வேண்டும். அலை ஏறும்போது ஆகாயம், இறங்கும்போது குளியல். இறக்கிய பாயை மடியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, கம்பியில் மாட்டியிருக்கும் பித்தளைக் கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, புதுப் பாயின் கொக்கிகளை ஒவ்வொன்றாக மாட்டி, நடுவில் ஒன்று தலைகீழாக மாட்டியிருப்பதைக் கடைசியில் கண்டுபிடித்து, மறுபடி கழற்றி... அப்போது விட்ட வசவுகளில் பாதி மலையாளத்திலும் பாதி கொங்குத் தமிழிலும் இருந்ததால் கடலுக்கு முழுதாகப் புரிந்திருக்காது. ஆனால் இந்தப் பாடு இருந்ததாலேயே முடிவைக் கரையிலேயே எடுத்தோம்.

ஒரு தை மாதம் கொச்சியிலிருந்து வடக்கே கோழிக்கோட்டுக்குப் போனோம். கடல் எண்ணெய் தடவிய அம்மிக்கல். அப்படியிருக்க, முந்தின சாயங்காலமே சேட்டன் ஜெனோவாவை இறக்கி மூட்டை கட்டிவிட்டு மூன்றாம் நம்பரை மாட்டச் சொன்னார். காரணம் கேட்டால், "நாளைக்குக் காலத்தெ பொன்னானி. நின்றெ நாட்டிலெ காற்று வரும்" என்றார். வந்தது. விடியும் நேரத்தில், பாரதப்புழை கடலில் சேரும் அந்த இடத்தில், கரையிலிருந்து கிழக்குக் காற்று நேராக எங்கள்மேல் இறங்கிற்று. பொள்ளாச்சிச் சமவெளியில் புறப்பட்டு, எங்கள் வீட்டுக் கொடியை ஆட்டிவிட்டு, கணவாய்க்குள் நெருக்கியடித்துக்கொண்டு ஓடி, சித்தூர் பாலக்காடு ஒற்றப்பாலம் எல்லாம் தாண்டி வந்த சாட்சாத் விருச்சிகக் காற்று. சின்னப் பாயில் படகு நிமிர்ந்து பறந்தது. மற்றவர்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்தக் காற்றுக்குப் பெண் வீட்டுக்காரன் மாதிரி எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

அதே பயணத்தில் பாயின் ஓரம் கிழிந்தது. கொச்சியில் தைக்கக் கொடுத்தால் ஆகும் செலவுக்குப் பயந்து, மூட்டையை ரயிலில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்து, பொள்ளாச்சியில் லாரிப் படுதா தைக்கிறவரிடம் கொடுத்தேன். தேங்காய் லோடுக்குப் படுதா தைத்துத் தைத்துக் காய்ப்பேறின கையால் துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, கொக்கிகளை எண்ணிப் பார்த்து, "ஏனுங்க தம்பி, அத்தாம் பெரிய கடலுக்கு இத்துணூண்டு பாய் பத்துமுங்களா?" என்றார். பத்தும் என்றேன், சேட்டனின் கணக்கை என் சொந்தக் கணக்கு போல விளக்கினேன். அவர் போட்ட இரட்டைத் தையல் பாயின் ஆயுளையும் தாண்டி இருந்தது. துணி நைந்துபோன பிறகும் தையல் மட்டும் கோடாக நின்றது.

பிறகு ஃபர்லர் வந்தது. அணியத்தில் ஓர் உருளை. ஜெனோவாவை நிரந்தரமாக மாட்டிவிட்டு, பின்னால் உட்கார்ந்தபடியே ஒரு கயிற்றை இழுத்தால் ஜன்னல் திரை போலச் சுருண்டுகொள்ளும். காற்று கூடினால் பாதி சுருட்டு, இன்னும் கூடினால் முக்கால். நம்பர் மூட்டைகள் எல்லாம் படகிலிருந்து இறங்கின. நாலு பேர் படுக்க உண்மையாகவே இடம் கிடைத்தது. ஆனால் பாய் மூட்டைமேல் படுத்துத் தூங்கிய தூக்கம், உப்பும் டாக்ரான் துணியும் ஈரமும் கலந்த அந்த வாசனை, படித்துறையில் நடந்த கட்டஞ்சாயா வழக்காடு மன்றம் எல்லாமும் மூட்டையோடு மூட்டையாக இறங்கிப் போய்விட்டன. எப்போது வேண்டுமானாலும் சுருட்டலாம் என்று ஆன பிறகு எதற்குக் காலையிலேயே யோசிப்பது? 2010-இல் போல்காட்டியில் படகு கட்ட மரினா வந்தது. கைபேசியில் மணிக்கு மணி காற்று வந்தது. வானத்தைப் பார்ப்பது ஏதோ பிரார்த்தனை சமாச்சாரமாக மாறிவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், பாதி சுருட்டிய ஜெனோவா மூன்றாம் நம்பர் ஆவதில்லை. சுருட்டச் சுருட்ட முன் ஓரம் தடித்து உருட்டுக்கட்டையாகும். நடுவில் துணி மிஞ்சித் தொப்பை போடும். பலத்த காற்றுக்குப் பாய் தட்டையாக இருக்க வேண்டும், இதுவோ எப்போது தட்டையாக வேண்டுமோ அப்போதுதான் உப்பும். மெல்லிய காற்றுக்கென்று தைத்த துணி, பெருங்காற்றில் இழுபட்டு உருவம் கெட்டு, அடுத்த மெல்லிய காற்றுக்கும் உதவாமல் போகும். முன் ஓரத்தில் நுரைப்பட்டை வைத்துத் தைத்தார்கள், தொப்பை கொஞ்சம் குறைந்தது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுருட்டாதீர்கள் என்றார்கள். கடைசியில் பாய் தைக்கும் நிபுணர்கள் கூடி யோசித்து இப்போது சொல்லும் அறிவுரை இது: காற்றுக் காலம் தொடங்குமுன் கரையிலேயே ஜெனோவாவைக் கழற்றிவிட்டு, பாய்மரத்தைத் தாண்டாத சின்ன ஜிப் ஒன்றை ஃபர்லரில் மாட்டிவிடுங்கள். அதாவது மூன்றாம் நம்பர். ஃபர்லருக்கு ஒரு விலை, ஜெனோவாவுக்கு ஒரு விலை, இரண்டும் கொடுத்தபின் மூன்றாம் நம்பருக்குத் தனி விலை. சேட்டன் இதைக் கேட்க இல்லை. இருந்திருந்தால் ஒரு கட்டஞ்சாயா கூடுதலாகக் குடித்திருப்பார்.

தூத்துக்குடித் தோணிகளை ஓட்டும் தண்டல்கள் இந்த விஷயத்தில் இன்னும் ஒரு படி மேலே. எழுபதுகளிலும் எஞ்சின் இல்லாமல் பாயை மட்டும் நம்பிக் கொழும்புக்குச் சரக்கு கொண்டுபோன அவர்களுக்கு வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுகள் உறவுக்காரர்கள். எந்த உறவுக்காரன் வரும்போது வீட்டில் இருக்கக் கூடாது, எவன் வரும்போது வெளியே போகக் கூடாது என்று தெரியும். கச்சான் முற்றினால் தோணி கரையில். பாய்களிலேயே சின்னது, ஏற்றாத பாய். பிறகு தோணிக்கு எஞ்சின் வந்தது, பாய் அலங்காரமாயிற்று. ஆனாலும் ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை இந்தத் தோணிகள் கடலுக்குப் போகக் கூடாதென்று அரசாங்கமே விதி வைத்திருக்கிறது. கச்சானுக்கு அரசாங்க முத்திரை கிடைத்ததுதான் வித்தியாசம்.

புதுச்சேரிப் பெண் ரூபாவும் கோழிக்கோட்டுப் பெண் தில்னாவும் கடற்படையின் தாரிணி என்ற பாய்ப்படகில் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து புறப்பட்டு, ஹார்ன் முனை வழியாக உலகையே சுற்றி, 2025 மே மாதம் திரும்பி வந்தபோது ஊரில் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தேன். இரண்டே பேர், எட்டு மாதம், ஜி.பி.எஸ்., செயற்கைக்கோள் தொலைபேசி எல்லாம் உண்டு. ஆனாலும் அந்தப் படகின் பாய்ப் பட்டியலில் மெயின் பாய், முன்பாய்கள் எல்லாவற்றுக்கும் பிறகு புயல்பாய் என்று ஒன்று இருந்தது. விஞ்ஞானம் எவ்வளவு வளர்ந்தாலும் அந்தக் கைக்குட்டையை யாரும் கரையில் விட்டுவிட்டுப் போவதில்லை என்பதில் எனக்கு ஓர் அற்பத் திருப்தி.

எங்கள் ஊர்க் காற்றுக்கும் இப்போது உத்தியோகம் கிடைத்துவிட்டது. கிழக்கே உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்கின்றன. ஓட்டைப் பறித்த ஆடிக்காற்று மின்சாரமாகிக் கணக்குப் புத்தகத்தில் ஏறுகிறது. காற்று மிஞ்சும்போது புதுவகை ஆலைகள் தங்கள் இறக்கையைத் திருப்பிக்கொண்டு வாங்குகிற காற்றைக் குறைத்துக்கொள்ளும், நொடிக்கு 25 மீட்டரைத் தொட்டால் பல ஆலைகள் நின்றேவிடும் என்று அங்கே வேலை பார்க்கும் பையன் ஒருவன் அதிசயமாகச் சொன்னான். வேட்டியை நாலாக மடிப்பதற்கு இவர்கள் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை, சம்பளம் வாங்குகிற பையன்.

போன மாதம் தங்கை மகன் கோவாவிலிருந்து போன் செய்தான். கூட்டாளிகளோடு சேர்ந்து பழைய படகு ஒன்றை வாங்கியிருக்கிறான். மார்கழி, தையில் கன்னியாகுமரியைச் சுற்றி மன்னார் வளைகுடாவுக்குப் போகத் திட்டம். ஃபர்லரில் நல்ல ஜெனோவா இருக்கிறதாம். ஆப் பன்னிரண்டு நாட் என்கிறதாம். அந்த மாதங்களில் குமரி முனையில் வாடைக்காற்று என்ன பாடு படுத்தும் என்று சொல்லத் தொடங்கினேன். எடுத்த எடுப்பிலேயே சேட்டனின் குரல் என் தொண்டைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. பாய்மரத்தைத் தொடாத தொண்ணூறு சதவீத ஜிப் ஒன்றைத் தை, கிளம்புமுன் கோவாவிலேயே மாட்டு, குமரி தாண்டும்வரை கழற்றாதே என்றேன்.

"அப்ப இந்த ஜெனோவாவை வித்துரட்டுமா மாமா?"

"வேண்டாம்டா, பத்திரமா வை" என்றேன். "பங்குனியில காத்தே இருக்காது. அன்னைக்குப் போட்டோ எடுக்க வேண்டாமா?"