ரிச்சர்டு ராஜா காலத்துப் பாக்கி

இங்கிலாந்துச் சட்டத்தின் ஞாபகசக்தி எந்த நாளில் தொடங்குகிறது என்று கேட்டால், தேதியோடு சொல்வார்கள்: 1189 செப்டம்பர் 3. முதலாம் ரிச்சர்டு முடிசூடிய நாள். அதற்கு முந்தைய நாள் வரை நடந்ததெல்லாம் சட்டத்தின் கண்ணுக்கு ஆதிகாலம். ஆதாம் இருந்ததும் அந்தக் காலம்தான், ரிச்சர்டின் அப்பா இருந்ததும் அந்தக் காலம்தான். இந்தப் பெருமைக்கு ரிச்சர்டு என்ன செய்தார் என்று தேடாதீர்கள். பத்து வருஷ ஆட்சியில் அவர் சொந்த நாட்டில் தங்கியது சில மாதங்கள். மீதியெல்லாம் சிலுவைப் போர், திரும்பும் வழியில் ஆஸ்திரியாவில் சிறைவாசம், அப்புறம் பிரான்சில் சண்டை.

விஷயம் நிலத்தகராறில் ஆரம்பித்தது. ‘இந்த நிலம் என் பாட்டனாருடையது’ என்று தாவா போடுகிறவர், எந்தப் பாட்டனார் வரை போகலாம் என்று ஒரு வரம்பு வேண்டுமல்லவா? ஆரம்பத்தில் முதலாம் ஹென்றி காலம் வரை போக விட்டார்கள். 1236-ல் அதை இரண்டாம் ஹென்றி காலத்துக்கு நகர்த்தினார்கள். 1275-ல் முதலாம் எட்வர்டு ரிச்சர்டின் முடிசூட்டு நாளில் கொண்டுவந்து நிறுத்தினார். அது உரிமை வழக்குக்கு மட்டும். மற்ற வழக்குகளுக்கு அவ்வப்போது வேறு வேறு எல்லைக்கல். ஒன்றுக்கு ஜான் ராஜா அயர்லாந்திலிருந்து கடைசியாகத் திரும்பிய நாள், இன்னொன்றுக்கு மூன்றாம் ஹென்றி கஸ்கோனிக்கு முதன்முதலாகக் கப்பலேறிய நாள். வக்கீலுக்குச் சட்டம் தெரிந்தால் போதாது, ராஜாக்களின் பயண டைரியும் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

1275-க்குப் பிறகு அந்த எல்லைக்கல்லை நகர்த்த எல்லோரும் மறந்துவிட்டார்கள். 265 வருஷம்! அதற்குள் வம்சத்தை மாற்றினார்கள், கடைசியில் போப்பாண்டவரையே விலக்கினார்கள். தேதியில் மட்டும் கைவைக்கவில்லை. 1539-ல் ஒருவர் கோர்ட்டுப் படியேறி, 350 வருஷத்துக்கு முந்தைய பங்காளிச் சண்டையை அவிழ்த்துவிட்டிருந்தாலும் காலம் கடந்துவிட்டதென்று யாரும் தடுத்திருக்க முடியாது. 1540-ல்தான் எட்டாம் ஹென்றி விழித்துக்கொண்டு 60 வருஷம் என்று வரம்பு கட்டினார். தாமதம் கூடாது என்பதில் அவருக்கு அனுபவம் உண்டு. அந்த ஒரே வருஷத்தில் ஜனவரியில் ஒரு கல்யாணம், ஜூலையில் அது ரத்து, அதே ஜூலையில் அடுத்த கல்யாணம்.

நிலத்தாவாவிலிருந்து போன 1189, ஊர் வழக்கம் என்ற பேரில் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒரு வழக்கம் சட்டப்படி செல்ல வேண்டுமானால் ரிச்சர்டு முடிசூடிய நாளிலிருந்து இருந்ததாக இருக்க வேண்டும். 1872-ல் ஒருவர் நடைபாதையை மறித்துப் பலகாரக் கடை போட்டார் என்று கேஸ் வந்தது. கூலியாட்களை அமர்த்தும் சந்தை நாளில் இங்கே கடை போடுவது தொன்றுதொட்ட வழக்கம் என்றார் அவர். ஐம்பது வருஷப் பழக்கம் என்பதெல்லாம் போதவில்லை. அந்தச் சந்தையே பதினான்காம் நூற்றாண்டுத் தொழிலாளர் சட்டத்தால் வந்தது, ரிச்சர்டு காலத்தில் சந்தையும் இல்லை கடையும் இல்லை என்று கணக்குப் பார்த்து அவரைத் தோற்கடித்தார்கள். ஒரு பலகாரக் கடைக்காரர் எழுநூறு வருஷம் பிந்தி வந்த குற்றத்துக்காகக் கடையைக் கட்டினார்.

சரி, காலத்துக்குள் வந்துவிட்டீர்கள். வழக்கைத் தொடங்குவது எப்படி? அந்தக் காலத்தில் ராஜாவின் பெயரால் ‘ரிட்’ என்ற சீட்டைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஒவ்வொரு குறைக்கும் ஒரு சீட்டு. தப்பான சீட்டு வாங்கினால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நில உரிமைச் சீட்டு வாங்கினால் இன்னொரு ஆபத்து: எதிராளி ‘சண்டையில் தீர்த்துக்கொள்ளலாம்’ என்று சொல்லலாம். வாதியும் பிரதிவாதியும் அடித்துக்கொள்ள வேண்டாம், கூலிக்கு ஆள் வைக்கலாம். 1571-ல் இப்படி ஒரு வழக்கில் நீதிபதிகள் கோர்ட்டையே லண்டன் டாட்ஹில் மைதானத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெருங்கூட்டம். தாவா போட்டவர் வரவேயில்லை, வழக்குத் தள்ளுபடி. வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்குத்தான் உண்மையான நஷ்டம். இந்த உரிமை 1819 வரை ஒழியவில்லை. அதுவும் 1817-ல் கொலைப்பழி சுமந்த ஒருவர் கோர்ட்டில் கையுறையை வீசி ‘சண்டைக்கு வா’ என்று கூப்பிட்ட பிறகுதான்.

இந்தச் சீட்டு முறையைச் சுற்றிவர வக்கீல்கள் தலைப்பட்டார்கள். ராஜசபைக் கோர்ட்டுக்குச் சாதாரணக் கடன் வழக்கை விசாரிக்க அதிகாரம் கிடையாது. ஆனால் மிடில்செக்ஸ் மாவட்டத்தில் நடந்த அத்துமீறலை விசாரிக்கலாம், தன் சிறையில் இருப்பவர் மீது எந்த வழக்கையும் எடுக்கலாம். போதாதா? கென்ட்டில் இருக்கும் ஒருவர் பத்து பவுண்டு பாக்கி வைத்திருக்கிறார் என்றால், அவர் மிடில்செக்ஸில் ஆயுதத்தோடு புகுந்து அட்டகாசம் செய்தார் என்று ஒரு பிராது. ஷெரீஃப் தேடிப்பார்த்து, ஆள் இல்லை என்று எழுதுவார். இருக்க மாட்டார்தான், அவர் மிடில்செக்ஸ் பக்கமே வந்ததில்லை. உடனே கென்ட் ஷெரீஃபுக்கு இரண்டாவது சீட்டு: ‘அந்த ஆள் உங்கள் பக்கம் பதுங்கித் திரிகிறார், பிடியுங்கள்.’ பாவம் மனுஷன், தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். பிடித்துக் கொண்டுவந்ததும் அட்டகாசக் கதையைத் தூக்கிப் போட்டுவிட்டு, கடன் வழக்கை நடத்துவார்கள். நாளடைவில் முதல் பொய்யைச் சொல்லக்கூட சோம்பல்பட்டு, நேரே இரண்டாவது பொய்யை வாங்க ஆரம்பித்தார்கள். கருவூலக் கோர்ட்டார் மட்டும் சும்மா இருப்பார்களா? ‘நான் ராஜாவுக்குக் கடன்பட்டவன், இவர் எனக்குத் தராததால் ராஜாவுக்குக் கட்ட முடியவில்லை’ என்று வாதி அழுதால் போதும், அங்கேயும் கதவு திறந்தது.

நில வழக்கில் ஜான் டோ, ரிச்சர்டு ரோ என்று இரண்டு பேர் வருவார்கள். இரண்டு பேரும் பிறக்காதவர்கள். வாதி நிலத்தை டோவுக்குக் குத்தகைக்கு விட்டாராம், ரோ அவரைத் துரத்தினாராம். பிறக்காத ரோ, நிலத்தில் குடியிருக்கும் நிஜ மனிதருக்கு ‘உங்கள் பிரியமுள்ள நண்பன்’ என்கிற தோரணையில் கடிதம் எழுதுவார்: ‘நான் கோர்ட்டுக்கு வரப்போவதில்லை, நீங்கள் வராவிட்டால் வீடு போய்விடும்.’ 1852 வரை இந்த நாடகம் ஓடியது. பிறக்காத ஆட்கள் போதாதென்று பொய்யான இடமும் வந்தது. மினோர்க்கா தீவில் ஒருவரைச் சிறைவைத்து நாடுகடத்திய கவர்னர் மீது 1774-ல் லண்டனில் வழக்கு. தீவில் நடந்ததை லண்டனில் எப்படி விசாரிப்பது? மினோர்க்கா, லண்டன் சீப் வார்டில் செயின்ட் மேரி லெ போ தேவாலயப் பகுதியில் இருக்கிறது என்று பிராதில் எழுதினார்கள். மான்ஸ்ஃபீல்டு பிரபு என்ற பெரிய நீதிபதி அதை முகம் மாறாமல் ஏற்றார். வாதிக்கு 3,000 பவுண்டு கிடைத்தது. பொய் நல்ல காரியத்துக்கு உதவிய அபூர்வ சந்தர்ப்பம் இது.

இதற்கு நடுவே 1623-ல் முதலாம் ஜேம்ஸ் காலத்துக் காலாவதிச் சட்டம் வந்துவிட்டது. அதாவது, வந்தது 1624-ல். அன்றைய இங்கிலாந்தில் புதுவருஷம் மார்ச் 25-ல் பிறந்ததாலும், சட்டம் எப்போது நிறைவேறினாலும் கூட்டத்தொடரின் முதல் நாளிலிருந்தே அமல் என்பதாலும் பிப்ரவரியில் கூடிய பார்லிமெண்டின் சட்டத்துக்கு 1623 என்று பெயர். தேதி தவறியவனைத் தண்டிக்கும் சட்டத்துக்கே பிறந்த தேதி குளறுபடி. கடனுக்கு ஆறு வருஷம், அடிதடிக்கு நாலு, அவதூறுப் பேச்சுக்கு இரண்டு. சிறுவர், மனநிலை சரியில்லாதவர், கைதி, கல்யாணமான பெண், கடல் கடந்து இருப்பவர் ஆகியோருக்கு விலக்கு. கல்யாணமான பெண்களைக் கைதிகளோடு ஏன் சேர்த்தார்கள் என்று அன்றைய மனைவிமாரைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

நீதிபதிகளுக்கு இந்தச் சட்டம் பிடிக்கவில்லை. வாங்கின கடனை ஆறு வருஷம் ஒளிந்திருந்து ஏப்பம் விடுவதா என்று அவர்களுக்கு எரிச்சல். கடனாளி வாய்தவறிக் கடனை ஒப்புக்கொண்டதுபோல் ஒரு சொல் சொன்னாலும், மறுபடி ஆறு வருஷம் என்று தீர்ப்பெழுதினார்கள். புத்திசாலிக் கடனாளிகள் வாயையே திறக்கவில்லை. 1828-ல் டென்டர்டன் பிரபு சட்டம் போட்டு, எழுத்தும் கையெழுத்தும் இருந்தால்தான் செல்லும் என்றார்.

அந்த ஆறு வருஷம் இன்றைய 1980-ஆம் வருஷச் சட்டத்திலும் அப்படியே இருக்கிறது. ஆறு எப்போதிலிருந்து என்பதில்தான் ரத்தக்களரி. 1963-ல் உருக்காலைத் தொழிலாளர்களின் வழக்கு பிரபுக்கள் சபைக்கு வந்தது. தூசியைச் சுவாசித்து நுரையீரல் கெட்டவர்கள். நோய் வெளியே தெரியும் முன்பே காலக்கெடு முடிந்துவிட்டதாம். நோய் வந்தது தெரியாதவர்களுக்கு, தெரியாத நோய்க்கு ஏன் முன்பே வழக்குப் போடவில்லை என்று நஷ்டஈடு மறுக்கப்பட்டது. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. நீதிபதிகளே வருத்தப்பட்டார்கள், பார்லிமெண்டு அவசரமாக ஒரு திருத்தச் சட்டம் போட்டது. அதைப் படித்த ரீட் பிரபு, சட்டப் புத்தகத்திலேயே படுமோசமாக எழுதப்பட்ட சட்டம் என்ற பட்டத்துக்கு இது வலுவான போட்டியாளர் என்றார்.

கடைசி நாள் சனிக்கிழமையாக இருந்தால்? விபத்தில் கணவனை இழந்த ஒரு பெண்ணுக்கு 1970-ல் அப்படித்தான் நேர்ந்தது. கோர்ட்டு ஆபீஸ் பூட்டு. திங்கட்கிழமை வழக்குப் போட்டார். மேல்முறையீட்டில் டென்னிங் பிரபு குழு, திங்கள் செல்லும் என்றது. அந்தச் சலுகையை நம்பித்தான் 2017-ல் வேறொரு குடும்பம் மாட்டிக்கொண்டது. 2011 ஜூன் 2 நள்ளிரவுக்குள் ஒரு கோரிக்கையைத் தாக்கல் செய்திருக்க வேண்டும். குடும்பச் சொத்தின் பொறுப்பில் இருந்தவர்கள் விட்டுவிட்டார்கள். அவர்கள் மீது வழக்குப் போட ஆறு வருஷம். தப்பு முழுமையடைந்தது நள்ளிரவு மணி அடித்தபோது. ஜூன் 3-ஐக் கணக்கில் விட்டால் கடைசி நாள் சனி, ஆகவே திங்கட்கிழமை தப்பில்லை. ஜூன் 3-ஐச் சேர்த்தால் வெள்ளியோடு கதை முடிந்தது. வழக்கு வந்தது திங்கட்கிழமை. மூன்று கோர்ட்டுகளும், 2021-ல் சுப்ரீம் கோர்ட்டு உட்பட, ஜூன் 3 முழு நாள்தான், அதையும் எண்ணு என்றன. சட்டத்தில் நள்ளிரவுக்கு நீளம் கிடையாது என்பதைக் கண்டுபிடிக்க ஒரு குடும்பத்தின் வழக்கு செலவானது.

காலத்துக்குள் போட்டுவிட்டால் மட்டும் நிம்மதியா? 1999-ல் வுல்ஃப் பிரபுவின் புது விதிகள் ரிட்டை ஒழித்துப் படிவம் கொடுத்தன. அதை நாலு மாதத்துக்குள் எதிராளிக்குச் சேர்ப்பிக்க வேண்டும். வக்கீல் வைக்காத ஒருவர், கெடு முடியும் தறுவாயில் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு ஈமெயிலில் அனுப்பினார். ஈமெயிலில் பெற்றுக்கொள்கிறோம் என்று அவர்கள் முன்கூட்டிச் சொல்லவில்லையே! 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு மூன்றுக்கு இரண்டு என்று அவரைத் தோற்கடித்தது.

ஜேம்ஸ் ராஜாவின் சட்டம் கப்பலேறி மதராஸ் பட்டணத்து சுப்ரீம் கோர்ட்டுக்கும் வந்தது. 1859-ல் இந்தியாவுக்குத் தனிச் சட்டம் போட்டார்கள். இப்போது நம்மிடம் இருப்பது 1963-ஆம் வருஷச் சட்டம். கேட்டதும் தரவேண்டிய புரோநோட்டுக்கு எழுதிய தேதியிலிருந்து மூன்றே வருஷம், வெள்ளைக்காரன் கெடுவில் பாதி. மச்சானுக்கோ பங்காளிக்கோ கடன் கொடுத்த நோட்டு பீரோவில் இருந்தால், இந்தப் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுத் தேதியைப் பாருங்கள். முடியப்போகிறது என்றால், காலம் கடக்கும் முன்பே பாக்கியை ஒப்புக்கொண்டு ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள்.