கத்தாமல் கத்துவது எப்படி?

1923 மார்ச் 3-ம் தேதி, யேல் பல்கலைக்கழகத்தில் படித்த பிரிட்டன் ஹேடன், ஹென்றி லூஸ் என்ற இரண்டு இளைஞர்கள் நியூயார்க்கில் 'டைம்' பத்திரிகையைத் தொடங்கினார்கள். தினம் பேப்பர் படிக்க நேரமில்லாத பெரிய மனுஷர்களுக்கு வாரச் செய்தி மொத்தத்தையும் சுருக்கிக் கொடுப்பது திட்டம். புத்தம்புதுப் பத்திரிகையின் முதல் அட்டையில் யார்? ஜோசப் கேனன். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் முன்னாள் சபாநாயகர், வயது 86, அரசியலுக்கு முழுக்குப் போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர். கரிக்கோட்டில் ஒரு தாத்தா முகம், அவ்வளவுதான்.

வசதியான வாசகரிடம் குரலை உயர்த்தக் கூடாது என்ற சட்டம் அன்றே அமலுக்கு வந்துவிட்டது. ஆனால் பத்திரிகை விற்கவும் வேண்டுமே! 1927-ல் அட்டையைச் சுற்றிச் சிவப்பு பார்டர் ஏறியது. வாயால் கத்தினால்தான் அநாகரிகம், கலரால் கத்தினால் பாரம்பரியம்.

அதே வருஷம் மே மாதம் சார்லஸ் லிண்ட்பெர்க் தன்னந்தனியாக விமானத்தில் அட்லாண்டிக்கைத் தாண்டினார். ஊரே அவரைத் தலையில் தூக்கிவைத்து ஆடியது. 'டைம்' மட்டும் அவரை அட்டையில் போடவில்லை. வருஷக் கடைசியில் செய்தி கிடைக்காமல் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோதுதான் அது உறைத்தது. கோட்டை விட்டதை ஒப்புக்கொண்டால் மானம் போகும். பட்டம் கொடுத்தாலோ மானமும் பிழைக்கும், பத்திரிகையும் விற்கும். இப்படிப் பிறந்ததுதான் 'ஆண்டின் மனிதர்'. உலகத் தலைவர்கள் இன்றைக்கும் கழுத்தை நீட்டிக்கொண்டு காத்திருக்கும் அந்தக் கௌரவம், பழைய பாக்கியைப் பைசல் பண்ணிய கணக்கு.

1930-ன் பட்டம் காந்திக்கு. உப்பு எடுத்ததற்காக பிரிட்டிஷ் சர்க்கார் அவருக்கு ஏற்கெனவே எரவாடா சிறையில் அறை ஒதுக்கிக் கௌரவித்திருந்தது. 'டைம்' தன் பங்குக்கு அட்டையை ஒதுக்கியது.

1938-ல் ஹிட்லர். பட்டம் பாராட்டு அல்ல, நல்லதோ கெட்டதோ, அந்த வருஷத்தை அதிகம் ஆட்டிவைத்தவருக்கான அடையாளம் என்பது விளக்கம். அதனால் வழக்கமான முகச்சித்திரமும் கிடையாது. நாஜிகளின் முகாமில் அடைபட்டு மீண்ட ஆஸ்திரியப் பிரபு ஃபான் ரிப்பர் வரைந்த படத்தில், ஹிட்லர் பிரம்மாண்டமான ஆர்கனுக்கு முன்னால் சுண்டைக்காய் அளவில் உட்கார்ந்து வாசிக்கிறார். மேலே சக்கரத்தில் பிணங்கள் தொங்குகின்றன. 1945 மே மாத அட்டையிலோ முகமே பெரிதாக வந்தது. அதன்மேல், கணக்கு வாத்தியார் தப்பு விடையை அடிப்பதுபோல், சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. பிற்பாடு சதாம், சர்காவி, பின்லேடன் எல்லோருக்கும் அதே மையில் அதே அடி.

1979-ல் ஈரானின் கொமேனிக்குப் பட்டம் கொடுத்தபோது அமெரிக்க வாசகர்கள் கொதித்துப்போனார்கள். 2001-ஐ ஆட்டிவைத்தது யார் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். பட்டம் என்னவோ நியூயார்க் மேயர் ஜூலியானிக்குத்தான் போனது. 'நல்லதோ கெட்டதோ' தத்துவத்துக்குச் சந்தாதாரர் கோபத்தைத் தாங்கும் தெம்பு இல்லை. 2006-ல் வம்பே வேண்டாமென்று கம்ப்யூட்டர் திரை இருக்கவேண்டிய இடத்தில் பளபளப்பான தாளை ஒட்டி, ஆண்டின் மனிதர் 'நீங்கள்தான்' என்று சொல்லிவிட்டார்கள்.

நடுவில் 1966-ல், கடவுள் இறந்துவிட்டாரா என்று கேட்க ஆசைப்பட்டு, அவருக்குப் பொருத்தமான படம் தேடியிருக்கிறார்கள். ஆள் அகப்படவில்லை. கறுப்புத் தாளில் சிவப்பு எழுத்தில் கேள்வியை மட்டும் அச்சடித்தார்கள். படமே இல்லாமல் வந்த முதல் 'டைம்' அட்டை அதுதான்.

அதே ஊரில் 1925-ல் ஹெரால்டு ராஸ் தொடங்கிய 'நியூ யார்க்கர்' இன்னும் ஒரு படி மேல். அட்டையில் தலைப்பே கிடையாது. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பவர் இந்தப் பத்திரிகைக்கான ஆளே இல்லை. முதல் இதழுக்கு ரியா இர்வின் வரைந்தது, உயரத் தொப்பியும் ஒற்றைக் கண்ணாடியுமாக ஒரு சீமான் பட்டாம்பூச்சியை ஆராய்கிற படம். ஆண்டுவிழாவுக்கு ஆண்டுவிழா அதையே மறுபடி அச்சடித்தார்கள். ஓவியருக்குக் காசு மிச்சம், வாசகருக்குப் பெருமை!

இந்த மிடுக்கு ஒருமுறை பலமாகச் சறுக்கியது. 1946 ஆகஸ்ட் 31 இதழின் அட்டையில் கோடைப் பூங்கா. ஜனங்கள் உல்லாசமாக விளையாடிப் பொழுதுபோக்குகிறார்கள். பிரித்தால் இதழ் முழுக்க ஒரே கட்டுரை: அணுகுண்டில் கருகிய ஹிரோஷிமா பற்றி ஜான் ஹெர்சி எழுதியது. கடைசி நேரத்தில் யாரோ விழித்துக்கொள்ள, கடைப் பிரதிகளுக்கு மட்டும் வெள்ளைக் காகிதப் பட்டை சுற்றி எச்சரிக்கை அச்சடித்தார்கள். சந்தாதாரர்கள் பூங்கா வழியாகவே உள்ளே போனார்கள்.

லண்டன் 'எகனாமிஸ்ட்' தன் குறும்பைப் படத்தில் வைத்துக்கொள்ளும். 2009-ல் ரியோ நகரத்து இயேசு சிலையை ராக்கெட்டாக்கி, பிரேசில் மேலே கிளம்பிவிட்டது என்றது. 2013-ல் அதே ராக்கெட் குட்டிக்கரணம் போட்டது. 2016-ல் சிலையின் கையில் 'காப்பாற்றுங்கள்' என்று அட்டையைக் கொடுத்து நிறுத்தினார்கள். ஜோசியம் பொய்த்தாலும் ஜோசியர் முகத்தில் அசடு வழியவில்லை, அதுதான் உயர்குடி.

2017 ஜூனில் 'வாஷிங்டன் போஸ்ட்' ஒரு விஷயத்தைக் கிளறியது. டிரம்ப்பின் கோல்ஃப் கிளப்கள் பலவற்றில், அவர் படத்தோடு 2009 மார்ச் 1 தேதியிட்ட 'டைம்' அட்டை ஃபிரேம் போட்டுத் தொங்கியது. அப்படியொரு இதழே வந்ததில்லை. மறுநாள் தேதியிட்ட அசல் இதழின் அட்டையில் இருந்தவர் கேட் வின்ஸ்லெட். தேதியைச் சரிபார்த்திருக்கவே வேண்டாம். போலியின் சிவப்பு பார்டர் ஒல்லியாக இருந்தது. தலைப்புகளில் இரண்டு ஆச்சரியக்குறி! கழற்றிவிடும்படி 'டைம்' கேட்டுக்கொண்டது. அசல் பட்டம் 2016-லேயே அவருக்குக் கிடைத்திருந்தது. அந்த அட்டையில் ஆச்சரியக்குறி இல்லை. 'பிளவுபட்ட அமெரிக்க நாடுகளின் அதிபர்' என்று மட்டும் சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். 'பிளவுபட்ட' அவருக்குப் பிடிக்கவில்லை.