மொதல்ல விழு பேராண்டி

ஜூடோ கிளாஸ்ல சேரப் போறியாமே பேராண்டி! சந்தோசம். சேர்றதுக்கு முந்தியே கண்ணாடி முன்னாடி நின்னு காலைத் தூக்கித் தூக்கி உதைச்சுப் பாக்குறியாம், உங்கம்மா சொன்னா. அந்த உதைய வீட்டுலயே விட்டுட்டுப் போ. ஜூடோவுல உதையும் கிடையாது, குத்தும் கிடையாது. சட்டையப் பிடிக்கணும், நிலை தடுமாற வைக்கணும், தூக்கிப் போடணும். சட்டையப் பிடிக்கிறதுல நம்ம வம்சத்துக்குப் பழக்கம் உண்டு, அதுவரைக்கும் கவலையில்ல.

கிழவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு பாக்குறியா? உன் சித்தப்பன் மகளக் கிளாசுக்குக் கூட்டிட்டுப் போயி பெஞ்சுல உக்காந்திருக்கிறது யாராம்? பெஞ்சுல இருந்தே கறுப்பு பெல்ட்டு வாங்குன ஆளுப்பா நான்.

தூக்கிப் போடணும்னதும் கண்ணு மின்னுது பாரு! போடுறது அப்புறம். ஆரம்பத்துல வாத்தியார் சொல்லிக் குடுக்குறதே விழுறதுக்குத்தான். உகேமின்னு பேரு. குத்தவச்சு உக்காரு. தாடைய நெஞ்சோட ஒட்டு, கண்ணு பெல்ட்டு முடிச்சப் பாக்கட்டும். தாடை தூக்குச்சுன்னா பின்மண்டை தரையில மோதும். அப்படியே முதுக வளைச்சு மல்லாக்க உருளு. முதுகு படுற அந்த நேரத்துல ரெண்டு உள்ளங்கையாலயும், ஒடம்ப விட்டுக் கொஞ்சம் தள்ளி, பாயில படார்னு ஒரு அடி. கை தோளுக்கு மேல போகக் கூடாது. பின்னாடி கைய ஊனித் தடுக்கலாம்னு தோணும், தோணத்தான் செய்யும். ஊனுனா மணிக்கட்டு போயிரும். அரும்பு மீசையில மண்ணு ஒட்டலைன்னு கதையளக்கவும் அங்க வழியில்ல, பாயில மண்ணே கிடையாது.

ஜூடோவ ஆரம்பிச்ச கானோ ஜிகோரோவுக்கு அப்ப 21 வயசு. 1882ல, டோக்கியோ எய்ஷோஜிங்கிற புத்த கோயில்ல, 12 பாய் கொள்ளுற எடத்துல. ஆளு குள்ளம். தள்ளுறவன எதுத்துத் தள்ளாம, அவன் வர்ற பக்கமே இழுத்து விட்டுறதுதான் சூட்சுமம். மொறைச்சுக்கிட்டு முட்டித் தள்ளுற உன்னை மாதிரி ஆளு கெடைச்சா எதிராளிக்குப் பொங்கலுதான்.

கறுப்பு பெல்ட்டு எத்தனை மாசத்துலன்னு கேட்டு மானத்த வாங்காத. அது வருசக் கணக்கு. ரொம்ப அவசரம்னா கடையில வாங்கி வேட்டி மேல கட்டிக்க.

சட்டையில எடது பக்கம் மேல வரணும். வலது பக்கத்த மேல விட்டுக் கட்டுறது ஜப்பான்ல பொணத்துக்கு உடுத்துற முறை. மொத நாளே எதுக்கு அந்தக் கோலம்? துவைச்சாச் சுருங்கும், கொஞ்சம் தொளதொளன்னே வாங்கு. நகத்த ஒட்ட வெட்டு. மோதிரம், மைனர் செயின் எல்லாத்தையும் கழட்டி உங்கம்மாகிட்டக் குடு. கக்கூசுக்கு வெறுங்காலோட போயிட்டு வந்து பாயில ஏறுன, வாத்தியாருக்கு முந்தி நான் எந்திரிச்சு வருவேன்.

போகப் போகக் கழுத்த நெரிக்கிறது, முழங்கைய மடக்குறதெல்லாம் வரும். தாங்கலைன்னா எதிராளி மேலயோ பாய் மேலயோ ரெண்டு தட்டு தட்டு, உடனே விட்டுருவான். கை மாட்டிக்கிச்சா, காலால தட்டு. பல்லக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தா வீரன்னு எவனும் பட்டயம் எழுதித் தரமாட்டான். எண்ணெய் போட்டு நீவி விட என்னைத்தான் கூப்பிடுவ.

குனிஞ்சு வணக்கம் வைக்கணும், பாயில ஏறுறப்பயும் எறங்குறப்பயும். பெரியப்பன் எதுத்தாப்புல வந்தாலே தலை குனியாத உனக்கு இதுதான் கஷ்டம். அந்த மரியாதை எப்படிப்பட்டதுன்னு கேளு. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல மொதமொதலா ஜூடோவச் சேத்தாய்ங்க. ஹாலந்துக்காரன் ஆன்டன் கீசிங்க், ஜப்பான்காரன் காமினாகாவ அவன் ஊருலயே அமுக்கிப் பிடிச்சு செயிச்சுப்புட்டான். கூட வந்தவய்ங்க குதிச்சுக்கிட்டுப் பாயில ஏறப் பாத்தாய்ங்க. செயிச்சவன் கையக் காட்டி நிறுத்திட்டான். நீயா இருந்தா அதுக்குள்ள செல்பி எடுத்திருப்ப.

சரி, திங்கக்கிழமை சாயங்காலம் கிளாஸு. உன்னை யாரோட ஜோடி சேக்குறதுன்னு வாத்தியார் யோசிச்சாரு, நான்தான் உன் சித்தப்பன் மக பேரைச் சொல்லி வச்சிருக்கேன். உன்னைவிட ரெண்டு வயசு சின்னவதானே, பயப்படாத. உங்கம்மாவுக்கும் சேத்துப் பெஞ்சுல துண்டு போட்டுட்டேன்.