3/12, மேலத் தெரு

மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கும் பட்டியலை இந்த முறை கம்ப்யூட்டரில், எக்செலில் போடுவது என்று வீட்டில் முடிவானதும், ரிட்டயராகி சும்மா இருப்பவன் என்ற ஒரே தகுதியில் வேலை என்னிடம் வந்தது. "கட்டம் கட்டமா இருக்கும் சித்தப்பா, நிரப்ப வேண்டியதுதான்" என்றாள் அண்ணன் மகள். கட்டத்துக்குக் குறையே இல்லை. கீழ்நோக்கி மட்டும் 10,48,576 வரிசை. எங்கள் தாலுகாவையே அழைத்தாலும் இடம் மிஞ்சும். சிக்கலெல்லாம் அதற்கு மேலே படம் படமாக உட்கார்ந்திருக்கிற ரிப்பனில்தான்.

எங்கள் ஊரில் பாதி வீடுகளுக்குக் கதவு எண் இரண்டு. புதியது 3, பழையது 12. '3/12' என்று அடித்து என்டர் தட்டினேன். கட்டத்தில் டிசம்பர் 3 என்று வந்தது. 12/78-இல் குடியிருக்கும் பெரியப்பா குடும்பத்தோடு 1978 டிசம்பருக்குப் போய்விட்டார். 84/96-க்காரர் மட்டும் எந்த மாதத்திலும் அடங்காமல் தப்பினார். புது எண் தெரியாத ஒரு வீட்டுக்கு வெறும் '/12' போடலாம் என்று சாய்கோட்டைத் தட்டியதும், ரிப்பன் முழுக்கக் குட்டிக் குட்டி எழுத்துகள் அம்மை போட்டதுபோல முளைத்தன. 1983-இல் வந்த லோட்டஸ் 1-2-3-இல் மெனுவைக் கூப்பிடும் சாவி அந்தச் சாய்கோடுதானாம். அந்த மென்பொருள் போய்ச் சேர்ந்த பிறகும் அதன் மரியாதை போகவில்லை.

தேதியை மறுபடி கதவு எண்ணாக்க எங்கே போவது? 'ஃபார்முலாஸ்' என்ற தாவலில் தேதிக்கென்றே ஒரு பட்டியல் இருந்தது. அது தேதியை இன்னும் பெருக்கும் வகை. 'டேட்டா'வில் புனல் படம் ஒன்று. கடைசியில் 'ஹோம்' தாவலில் 'நம்பர்' என்ற தலைப்பின்கீழ் ஒரு சின்னப் பெட்டி அகப்பட்டது. அதில் 'டெக்ஸ்ட்' என்று தேர்ந்தெடுத்தேன். டிசம்பர் 3 மறைந்து 45994 என்று நின்றது. 1900 ஜனவரி முதல் தேதியை ஒன்று என்று வைத்து எண்ணிக்கொண்டே வந்த கணக்காம். பத்திரிகையை அந்த முகவரிக்குக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னால் கொரியர்காரர் அழுதுவிடுவார்.

"அடிக்கிறதுக்கு முன்னாடியே அந்தக் கட்டங்களை டெக்ஸ்ட் ஆக்கிடணும் சித்தப்பா" என்றாள் அண்ணன் மகள். இது எனக்கு மட்டும் நடந்த கூத்தும் அல்ல. 'மார்ச்1' என்று ஒரு மனித மரபணு இருந்தது. அடித்த மாத்திரத்தில் அது மார்ச் முதல் தேதியாகிவிடும். ஆராய்ச்சிக் கட்டுரைகள் குழம்பி, மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் கமிட்டி 2020-இல் வெளியிட்ட புது விதிகளைப் படித்தால், அதன் பெயர் 'மார்ச்எஃப்1' ஆகியிருக்கிறது. அவர்கள் மரபணுவின் பெயரை மாற்றலாம். நான் மேலத் தெருவுக்குக் கதவு எண் மாற்ற வேண்டுமென்றால் முனிசிபாலிட்டிக்கு அல்லவா நடக்க வேண்டும்?

கட்டத்துக்குள் கர்சர் மினுக்கும்போது ரிப்பனில் பாதி சாம்பல் பூத்துவிடும் என்பது இன்னொரு ரகசியம். என்டரோ எஸ்கேப்போ தட்டி வெளியே வந்தால்தான் உயிர் வரும். இதை யாரும் சொல்வதில்லை. தெரிந்தவர்கள் ரிப்பன் பக்கமே போகாததால் அவர்களுக்கே இது தெரியாது. எதைக் கேட்டாலும் அண்ணன் மகள், "மெனுவுல எங்க இருக்குன்னு தெரியாது, கன்ட்ரோல் 1 அடிங்க" என்பாள். அடித்தால் வந்துவிடும். வழி கேட்டவனை அலாக்காகத் தூக்கி ஊரில் இறக்கிவிட்டால் அடுத்த முறை அவன் எப்படிப் போவான்?

பிரின்ட் எடுக்கும் நாள் வந்தது. ஒவ்வொரு பக்கத் தலையிலும் 'பெயர், கதவு எண், ஊர்' வர வேண்டும். பிரின்ட் திரையிலிருந்தே பேஜ் செட்டப்பைத் திறந்தால் அதற்கான இடம் கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் சாம்பல். அதே பெட்டியை 'பேஜ் லேஅவுட்' வழியாகத் திறந்தால் வேலை செய்கிறது. கிழக்கு வாசலில் வந்தவனுக்குத்தான் சோறு என்பது என்ன நியாயமோ, போகட்டும்.

தாள்கள் வெளியே வந்ததும் மச்சான் கையில் வாங்கிப் புரட்டினார். "கோடு எங்க மாப்ள?" திரையில் அத்தனை கட்டமும் பளிச்சென்று இருக்கிறது, தாளில் ஒரு கோடு இல்லை. பொருள்களைச் செருகும் 'இன்செர்ட்'டில் பார்த்தேன், வட்டமும் அம்பும் இருந்தன. 'டிரா'வில் பேனாவே இருந்தது, அது கிறுக்குவதற்கு. போனில் பிடித்தபோது அண்ணன் மகள் வழக்கம்போல எதையோ அழுத்தச் சொன்னாள். மெனு வழியாகத்தான் வருவேன் என்று பிடிவாதம் பிடித்ததும், அவளே தேடிப் பார்த்துச் சொன்னாள்: ஹோம் தாவலில் 'ஃபான்ட்' என்ற தலைப்பின்கீழ், எழுத்தைத் தடிமனாக்கும் பொத்தான் வரிசையில். கோடு எழுத்துக்குப் பங்காளி என்று எவரோ முடிவு செய்திருக்கிறார்.

நான் அதைக் கண்டுபிடித்துப் பூரிப்போடு திரும்பியபோது, மச்சான் ஸ்கேலும் பால்பாயின்ட் பேனாவுமாக மூன்றாம் பக்கத்தில் இருந்தார்.