சிறப்புரையும் சலங்கையும்: கல்லூரி விழாக்களில் காலம் பற்றிய ஓர் ஆய்வு

தமிழகக் கல்லூரி விழா ஒன்றில் நீளம் வரையறுக்கப்பட்ட உருப்படிகள் இரண்டே. தொடக்கத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து, 55 நொடி. 2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணை அப்படிச் சொல்கிறது. முடிவில் நாட்டுப்பண், 52 நொடி. இவ்விரண்டுக்கும் நடுவே நடப்பவற்றுக்கு எந்த அரசாணையும் கிடையாது. இக்கட்டுரை அந்த நடுவைப் பற்றியது.

இத்துறைக்கு மூலநூல் மணிமேகலை. விழாவறை காதையில் முரசறைவோன் புகார் நகரத்தாருக்கு இந்திர விழாவை அறிவிக்கிறான். இன்றைய சர்க்குலரின் உறுப்புகள் எல்லாம் அதில் இருக்கின்றன. தோரணம் கட்டுக, வாழையும் கரும்பும் நடுக, பழமணல் மாற்றிப் புதுமணல் பரப்புக என்பது அலங்காரக் குழு. பகைவரோடும் பூசல் வேண்டாம், விலகிப் போங்கள் என்பது ஒழுங்குக் குழு. நல்லுரை சொல்வோர் பந்தருக்கும் பொதியிலுக்கும் போகவேண்டும். சமயவாதிகள் பட்டிமண்டபம் ஏறவேண்டும். விழா 28 நாள். அடுத்த காதையிலேயே மாதவியும் மணிமேகலையும் விழாவுக்கு வராததால் சித்திராபதி மனம் நொந்து வயந்தமாலையைத் தூது விடுகிறாள். நடன அயிட்டம் கடைசி நேரத்தில் கைவிட்டுப் போவதற்குக் காப்பியச் சான்று இது.

ஈண்டு கருதத்தக்கது ஒன்று. புகாரில் நல்லுரைக்கு ஓரிடம், வாதத்துக்கு வேறோர் இடம். கேட்க விரும்பியவன் போய்க் கேட்டான். நாமோ உரையையும் ஆட்டத்தையும் ஒரே மேடையில், ஒன்றன்பின் ஒன்றாக வைத்துவிட்டோம். ஆட்டம் பார்க்க வந்தவன் உரையைக் கடந்தே ஆகவேண்டும். சுங்கச்சாவடி தோற்றது.

அழைப்பிதழில் சிறப்புரை இரண்டரை மணிக்கு, கலைநிகழ்ச்சி மூன்றரைக்கு என்றிருக்கும். இரண்டரைக்கு விருந்தினர் முதல்வர் அறையில் முந்திரிப்பருப்பின் எதிரே அமர்ந்திருப்பார். மூன்று மணிக்கு மேடை. குத்துவிளக்கை ஏற்றப்போனால் மின்விசிறி விடாது. எந்தச் சுவிட்ச் என்று யாருக்கும் தெரியாது. பிறகு வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரைகள். விருந்தினரின் பயோடேட்டா, பத்தாம் வகுப்பு மதிப்பெண் நீங்கலாக முழுமையும் வாசிக்கப்படும். பொன்னாடை போர்த்தும்போது புகைப்படக்காரர் "சார், இன்னொரு தடவை" என்பார். போர்த்தியது கழற்றப்பட்டு மீண்டும் போர்த்தப்படும். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. நாக் (NAAC) தர மதிப்பீட்டின்போது காட்ட வேண்டிய கோப்புக்கு அந்தப் படம் தேவை, அதுவும் ஜியோடேக் செய்த படம். கீழோரத்தில் அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, நேரம் எல்லாம் விழும். உரை எங்கே நிகழ்ந்தது என்பதைச் செயற்கைக்கோள் அறியும். என்ன சொல்லப்பட்டது என்பதை அறிந்தவர் அரிது. படத்தில் நாற்காலி காலியாகத் தெரியக்கூடாது என்பதற்காகவே முதலாமாண்டு மாணவர் படைக்கப்பட்டனர் என்க.

உரை தொடங்கியபின் ஆய்வாளன் அரங்கில் இருந்து பயனில்லை. மேடைக்குப் பின்னால் போகவேண்டும். அங்கே கரகாட்டக் குழு இரண்டு மணியிலிருந்து வேஷத்தோடு நிற்கிறது. பவுடர் வியர்வையில் வரிவரியாகக் கரைந்திருக்கும். ஒருத்தியின் இடுப்பில் மூன்று ஊக்கு குத்தியிருக்க, நாலாவதை வாயில் கவ்வியபடி தோழி தேடிக்கொண்டிருப்பாள். உட்கார்ந்தால் மடிப்புக் கலையும், நின்றால் கால் கடுக்கும். ஒலிபெருக்கியில் "இறுதியாக" என்று கேட்டதும் அத்தனை சலங்கையும் ஒரேயடியாக ஜல்லென்று எழும். "ஒரு சின்னக் கதை" என்றதும் அடங்கும்.

"எத்தனாவது இறுதிடி இது?"

"மூணு."

"அப்ப உக்காரு. இன்னும் அப்துல் கலாமே வரல."

இப்பிள்ளைகளின் கணிப்பு பொய்த்து நான் கண்டதில்லை. கலாம் வந்து, கனவு காணச் சொல்லிப் போன பிறகே ஒலிபெருக்கி கைமாறும்.

அற்றேல், குற்றம் விருந்தினருடையதோ எனின், அன்று. அரங்கில் தயாரித்துக்கொண்டு வந்த ஒரே ஆள் அவர்தான். ஒரு மணிநேரம் காக்கவைத்து, சோற்று மயக்கத்தில் இருக்கும் கூட்டத்தை அவரிடம் ஒப்படைத்தது நாம். வாழ்த்துரை என்ற பெயரில் எழும் அந்த ஐந்தாறு பேரைத்தான் நான் குற்றவாளி என்பேன். அவர்கள் வாழ்த்தாவிட்டாலும் விழா நன்றாகவே இருக்கும். ஆட்டத்தை முதலில் முடித்துவிட்டு, விரும்பியவர் மட்டும் இருந்து உரை கேட்கட்டும் என்று புகார் முறைக்குத் திரும்பலாம். எஞ்சுகிற இருபது பேருக்குப் பேசுவதே நல்ல பேச்சாளருக்குச் செய்யும் மரியாதை. வேலை நிரந்தரமான பேராசிரியர் எவரேனும் இதை முதல்வரிடம் சொல்லிப் பார்க்கலாம்.

கலைநிகழ்ச்சியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், ஏனெனில் அதுவே சுருங்கிவிடுகிறது. பாட்டுப் பட்டியல் துறைத்தலைவரிடம் முன்கூட்டியே ஒப்புதல் பெற்றிருக்கும். அவர் கேட்பது முதல் அரை நிமிடம், அது நாற்று நடவுப் பாட்டு. மெட்லியின் எஞ்சிய பகுதி பென்டிரைவில் உறங்கும் குத்து. பறை அதிர, பின்வரிசை நாற்காலிமேல் ஏற, துறைத்தலைவர் எழுந்து ஒலிக்காரரைத் தேட, அப்போதுதான் வாசலில் ஹாரன் கேட்கும்.

ஊருக்கு வெளியே இருக்கும் கல்லூரிகளில் ஐந்தே கால் பேருந்து என்பது மாற்ற முடியாத விதி. தாளாளர் மேடையில் இருந்தாலும் அது நிற்காது. "நேரமின்மை காரணமாக" என்று தொகுப்பாளினி தொடங்குவாள். எட்டு அயிட்டத்தில் ஆறு அத்துடன் போகும். முதல் ஹாரனில் நன்றியுரை நான்கு பெயராகக் குறையும், இரண்டாவதில் நாட்டுப்பண் தொடங்கும். முதல்வர் அனுப்பிய துண்டுச்சீட்டாலும் முடியாததை இரண்டே அழுத்தலில் முடித்துவைக்கும் அந்த ஓட்டுநருக்குப் பொன்னாடை போர்த்திய கல்லூரி எதுவும் இவ்வாய்வுக்குக் கிட்டவில்லை.