வளவனூர்ப் பிறந்தநாளின் நீளம்: ஓர் அளவாய்வு

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகும் சாலையில் இருக்கிறது வளவனூர் பேரூராட்சி. இங்கே ஒருவருக்குப் பிறந்தநாள் என்றால் அது மொத்தம் எத்தனை நாள் என்ற கேள்வியை அறிஞர் உலகம் இதுவரை முறையாகக் கையில் எடுக்கவில்லை. தரவுகளுக்குக் குறைவில்லை. கடைத்தெருவில் ‘இவண் நண்பர்கள்’ என்று முடியும் பேனர் இரண்டு நாள் முன்பே ஏறிவிடுகிறது. நள்ளிரவு 12 மணிக்கு பைக் சீட்டின் மேல் கேக் வைக்கப்படுகிறது. ஊதினாலும் அணையாத மெழுகுவத்தியோடு அரைமணி போராடியபின் கேக்கில் கால்பங்கு வாய்க்கும் மீதி முகத்துக்கும் போகிறது. காலையில் அம்மா கோயிலுக்கு அழைத்துப் போகிறார், மாலையில் உறவுக்காரர்கள் வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ட்ரீட். அடுத்த செவ்வாய் வரை ‘லேட்டா சொல்றேன்டா மாப்ள’ வகை வாழ்த்துகள் சொட்டிக்கொண்டே இருக்கின்றன. இதைப் பார்த்துவிட்டு, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாமே ஆடம்பரம் என்று சொல்லிப் போகிறவர்கள் உண்டு. இக்கட்டுரையின் துணிபு அதற்கு நேர் எதிரானது. பிறந்தநாள் இயல்பிலேயே பல நாள் கொண்டது. அதை ஒரே நாளில் சுருட்டிக் கட்டுகிறவர்தான் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர்.

முதல் சான்றை வானமே தருகிறது. தமிழ்நாட்டில் பிறந்த எவருக்கும் குறைந்தது இரண்டு பிறந்தநாள்: நண்பர்களுக்குத் தெரிந்த ஆங்கிலத் தேதி ஒன்று, அம்மாவுக்கும் குருக்களுக்கும் தெரிந்த நட்சத்திரம் ஒன்று. சந்திரன் 27 நட்சத்திரங்களையும் ஒருமுறை சுற்றிவர 27.32 நாள் ஆகிறது. பதிமூன்று சுற்று முடியும்போது 355 நாள்தான் ஆகியிருக்கும். ஆண்டு நிறையப் பத்து நாள் பாக்கி. ஆகவே நட்சத்திரப் பிறந்தநாள் ஆண்டுக்குப் பத்து நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வந்து, பிறந்த தமிழ் மாதத்தைவிட்டு வெளியே விழப்போகிற ஆண்டில் அடுத்த சுற்றைப் பிடித்துக்கொண்டு பதினேழு நாள் பின்னால் தாவும். சில ஆண்டுகளில் ஒரே மாதத்தில் அதே நட்சத்திரம் இரண்டு தடவை வந்து நிற்கும். அதில் எதை எடுப்பது என்பதில் வீட்டுக்கு வீடு வழக்கு வேறு. வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதமும் சில மணி நேரம் முன்பின்னாகச் சொல்லும்போது, மாமியார் வீட்டு நாளும் அம்மா வீட்டு நாளும் பிரிந்துபோவதும் உண்டு. இவ்வளவும் பிறந்தவர் கையை அசைக்காமல் நடப்பவை. கொண்டாட்டத்தை நீட்டியவர் யாரென்று கேட்டால் சந்திரனைத்தான் காட்ட வேண்டும்.

வரலாறும் நம் பக்கமே பேசுகிறது. தொல்காப்பியப் புறத்திணையியல் அரசனின் பிறந்தநாளைப் பெருமங்கலம் என்று தனியாகவே வகுத்து, அன்று அவன் சினத்தைத் தள்ளிவைப்பதையும் சேர்த்துச் சொல்கிறது. போன மாதம் சண்டை போட்டுப் பிரிந்த நண்பன் அன்றைக்கு மட்டும் ஸ்டேட்டஸ் வைத்து உள்ளே வந்துவிடுவது இந்த மரபின் எச்சம் என்று கொள்ள இடமுண்டு. இராசராசன் பிறந்தது சதயத்தில். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் அந்தச் சதயத்துக்கு ஆண்டில் பன்னிரண்டு விழா. வானம் ஆண்டுக்குப் பதிமூன்று சதயம் தரத் தயாராக இருந்தும் பேரரசர் பன்னிரண்டோடு நிறுத்திக்கொண்டதில் ஒரு தன்னடக்கம் தெரிகிறது. ஸ்ரீபெரும்புதூரில் இராமானுசரின் சித்திரைத் திருவாதிரைக்குப் பத்து நாள் உற்சவம். இராமநவமியிலோ பிறப்பதற்கு முன் சில நாள் கர்ப்போற்சவம், பிறந்தபின் சில நாள் ஜனனோற்சவம். கடைத்தெருப் பேனர் இரண்டு நாள் முன்பே ஏறுவதைக் கேலி செய்கிறவர்கள் இந்தக் கர்ப்போற்சவத்துக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

ஆனால் இவ்வாய்வின் தலையாய சான்று விழுப்புரத்துக்கு மேற்கே இருக்கிறது. திருக்கோவலூரில் ஒரு மழை இரவு, ஒரு வீட்டு இடைகழியில் முதலாழ்வார் மூவரும் சந்தித்த கதையைத் தெரியாதவர் குறைவு: ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம் என்கிற அளவு இடம். இடப்பற்றாக்குறையையே எல்லாரும் பேசுகிறார்கள். நாள் கணக்கை யாரும் பேசுவதில்லை. பொய்கையாழ்வார் ஐப்பசித் திருவோணம், பூதத்தாழ்வார் ஐப்பசி அவிட்டம், பேயாழ்வார் ஐப்பசிச் சதயம் என்பது வைணவ மரபு. அடுத்தடுத்த மூன்று நட்சத்திரம், அடுத்தடுத்த மூன்று நாள். மூன்று நண்பர்களுக்கு மூன்று நாள் தொடர்ந்து பிறந்தநாள் என்ற ஏற்பாடு இந்த வட்டாரத்துக்கு நேற்று வந்த பழக்கம் இல்லை என்பது இதனால் பெறப்படும்.

தற்காலச் சான்றும் தூரத்தில் இல்லை. இதே மாவட்டத்து வானூர் வட்டத்தில் 1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் தொடங்கப்பட்டது. அதை நிறுவிய அன்னையின் பிறந்தநாள் பிப்ரவரி 21. இரண்டையும் சேர்த்து ஒரு வாரமாகவே அங்கே கொண்டாடுகிறார்கள். புதுச்சேரியில் 1891 ஏப்ரல் 29 அன்று பிறந்த பாரதிதாசனுக்காக, ஏப்ரல் 29 முதல் மே 5 வரை தமிழ் வாரம் என்று தமிழ்நாடு அரசு 2025இல் அறிவித்தது. ஆக, வளவனூரின் நாற்புறமும் மூன்று நாள், ஏழு நாள், பத்து நாள் என்று பிறந்தநாள்கள் பரந்து கிடக்க, நடுவில் இருக்கும் ஊர் மட்டும் ஒரு நாளில் முடித்துக்கொள்ள வேண்டும் என்பது நியாயமா? கடல் கடந்தும் இதே கதைதான். பிரிட்டன் மன்னர் சார்லஸ் பிறந்தது நவம்பர் 14. அணிவகுப்போடு கொண்டாடுவது ஜூன் மாதம், ஏனென்றால் நவம்பர் லண்டன் மழையில் குதிரையும் நனையும் ஆளும் நனைவார். ட்ரீட்டை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போடுவதில் அரச கௌரவத்துக்கு இழுக்கில்லை.

மூன்றாவதாக ஒரு பிறந்தநாள் இருக்கிறது, சான்றிதழ்ப் பிறந்தநாள். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது ஐந்து வயது நிறையட்டும் என்று தலைமையாசிரியர் தாமே ஒரு தேதியைப் போட்டு எழுதிக்கொண்ட தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. பணி ஓய்வு அந்தத் தேதிப்படி, வங்கியின் குறுஞ்செய்தி வாழ்த்தும் அந்தத் தேதிக்கு. பாயசம் மட்டும் வேறு நாளில். சட்டமும் தாராளமாகவே நடந்துகொள்கிறது. 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி பிறப்பைத் தெரிவிக்க 21 நாள் அவகாசம். பிறந்த செய்தியைச் சொல்லவே அரசு மூன்று வாரம் தருகிறபோது, அதைக் கொண்டாட ஐந்து நாள் கேட்பது பேராசை ஆகாது. பள்ளிக்கூடத்தில் இந்த நெகிழ்ச்சி இன்னும் தெளிவாகத் தெரியும். பிறந்தநாள் ஞாயிற்றுக்கிழமை வந்தால் பிள்ளை திங்கட்கிழமை கலர் டிரஸ் போட்டுக்கொண்டு வருகிறது. கையில் சாக்லெட் டப்பா, துணைக்கு ஒரு சிநேகிதி. வகுப்பில் ஆளுக்கு ஒன்று, டீச்சருக்கு இரண்டு. பிறகு பக்கத்து வகுப்பு, அதன்பின் தலைமையாசிரியர் அறை. இந்தச் சுற்று முடியும்வரை கணக்குப் பாடம் காத்திருக்கும். துணைக்குப் போன சிநேகிதிக்கும் பாடத்திலிருந்து விடுதலை என்பதால், அந்தப் பதவிக்குப் போட்டி முந்தின வாரமே தொடங்கிவிடுகிறது. திங்கட்கிழமை அது பிறக்கவில்லையே என்று எந்த ஆசிரியரும் சீருடை கேட்டு வெளியே நிறுத்தியதில்லை.

இனி மறுப்புகள். மனிதன் பிறப்பது ஒரே கணத்தில், அதற்கு எதற்கு ஐந்து நாள் என்பது முதல் மறுப்பு. கேட்க வலுவாக இருக்கும், கேட்டவரையே கவிழ்க்கும். கணத்துக்கு விசுவாசமாக இருப்பவர், ஜாதகத்தில் எழுதியிருக்கும் அந்த ஒரு நிமிடத்தில் கேக்கை வெட்டி, மென்று, விழுங்கி, அடுத்த நிமிடம் வேலைக்குப் போக வேண்டும். அப்படி யாரும் போவதில்லை. ஒரு நிமிடத்தை ஒரு முழு நாளாக, அதாவது 1,440 மடங்காக நீட்ட எல்லாரும் சம்மதிக்கிறார்கள். 1,440 மடங்கை விக்காமல் விழுங்கியவருக்கு அதற்கு மேல் ஐந்து மடங்கு தொண்டையில் சிக்குவானேன்? தேதியும்கூட இருபத்து நான்கு மணி நேரத்தில் முடிகிற சாமான் இல்லை. கிழக்கே கிரிபாட்டித் தீவுகளில் தொடங்கி, நேரக் கணக்கில் கடைசியாக வரும் மேற்குக் கோடியில் முடியும்வரை ஒரே தேதி பூமியில் 50 மணி நேரம் உயிரோடு இருக்கிறது. வளவனூரில் இரவு 9.30 ஆகும்போது சிங்கப்பூரில் இருக்கும் அண்ணனுக்குத் தேதி மாறி, அவர் வாழ்த்து வந்துவிடும். துபாயில் இருக்கும் நண்பனுக்குத் தேதி மாற நம் கணக்கில் இரவு 1.30 ஆக வேண்டும். அதுவரை பிறந்தவர் தூங்கக்கூடாது என்பது குழுவின் விதி. பாசம் எத்தனை ஊரில் வேலை பார்க்கிறதோ, பிறந்தநாள் அத்தனை மணி நேரம் நீளும்.

செலவு என்பது இரண்டாவது மறுப்பு. பெற்றோர் தரப்பிலிருந்து வருவதால் மரியாதையோடு எதிர்கொள்ள வேண்டும். இதற்குக் கணிதம் எதிர்பாராத விடை வைத்திருக்கிறது. பிறந்தநாள் ஒரே நாளாக இருந்தால், ஒரு கூட்டத்தில் இரண்டு பேருக்காவது அது ஒரே தேதியில் விழும் வாய்ப்பு பாதிக்கு மேல் போக 23 பேர் தேவை. அவ்வளவு பேர் எந்தக் குழுவிலும் கேக்குக்குக் காசு போட முன்வருவதில்லை. ஒவ்வொருவருக்கும் ஐந்து நாள் என்று வைத்துக்கொண்டால் எட்டுப் பேரே போதும். இருவருடைய கொண்டாட்டம் ஒன்றன்மேல் ஒன்று விழும் வாய்ப்பு பாதியைத் தாண்டிவிடும். எட்டுப் பேர் என்பது டீக்கடை பெஞ்சில் நெருக்கி உட்காரும் சராசரி நண்பர் குழு. ஒரே கேக்கில் இரண்டு பெயர், ஒரே பேனரில் இரண்டு படம். நாளைக் கூட்டினால் செலவு குறைகிறது என்பது இவ்வாய்வின் பொருளாதாரக் கண்டுபிடிப்பு. ட்ரீட் மட்டும் இந்தக் கணக்குக்குள் அடங்காது. அது கிழக்கே மதகடிப்பட்டில் மாநில எல்லையைத் தாண்டிப் போகும் தன்மையுடையது. வேறொரு ஆட்சிப் பரப்பின் தரவு என்பதால் இங்கே எடுத்துக்கொள்ளப்படவில்லை.

மூன்றாவது மறுப்பு, பெரியவர்கள் எண்ணெய் தேய்த்துக் குளித்துப் பாயசம் குடித்ததோடு விட்டார்களே என்பது. விட்டார்களா? முதல் ஆண்டு நிறைவுக்கு மொட்டையும் காதுகுத்தும் எந்த நாளில் நடந்தன என்று அந்தப் பெரியவர்களையே கேட்டுப் பார்க்கலாம். மேல்மலையனூரோ மயிலமோ குலதெய்வத்தின் ஊரோ, நல்ல நாள் பார்த்து, அதிலும் தாய்மாமனுக்கு லீவு கிடைக்கிற நாள் பார்த்து வைத்தார்கள். தாய்மாமன் மடியில்லாமல் காதுகுத்து இல்லை. ஆகவே குழந்தை பிறந்த தேதியைவிட மாமனின் தோது பெரிது. அன்றே முடிவாகிவிட்டது, பிறந்தநாள் பிறந்தவருக்குச் சொந்தமில்லை என்பது. அம்மாவுக்கு நட்சத்திரம், நண்பனுக்கு நள்ளிரவு, மாமனுக்கு ஞாயிறு, வங்கிக்குச் சான்றிதழ் என்று ஆளுக்கொரு துண்டு வைத்திருக்கிறார்கள். எல்லாரையும் ஒரே நாளில் வரச் சொல்வது அவர்களை ஒருவரோடொருவர் மோதவிடுவதுதான்.

நடைமுறைச் சிக்கல் ஒன்றைக் குறிப்பிட்டாக வேண்டும். சந்திரனின் 254 சுற்று ஏறக்குறைய 19 ஆண்டுகளுக்குச் சமம். அதனால் எட்டு, பதினொன்று வயதுகளில் ஓரிரு நாள் தள்ளி நூலிழையில் தப்பிய நட்சத்திரமும் தேதியும் 19, 38, 57 வயதுகளில் ஏறத்தாழ ஒரே நாளில் வந்து விழும். இதைப் பெரும் யோகம் என்பார்கள். இவ்வாய்வின் கணக்கில் அது ஒரு பிறந்தநாள் நட்டம். பாதிக்கப்பட்டவர்கள் அந்த ஆண்டு மட்டும் சான்றிதழ்த் தேதியை எடுத்து ஈடுகட்டிக்கொள்ளலாம். சான்றிதழிலும் உண்மையான தேதியே எழுதப்பட்டிருக்கும் துரதிருஷ்டசாலிகள், சிங்கப்பூரில் யாராவது உறவு இருக்கிறதா என்று பார்த்து, முந்தின இரவு 9.30 மணியிலிருந்தே கணக்கை ஆரம்பித்துவிட வேண்டும்.